பெற்றோரின் போர்க்காலப் பணிப் பதிவுகள்: ஒரு பனுவலியல் மதிப்பீடு

முன்னுரை

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நிலவிய மூன்றரை ஆண்டுக் காலத்தில் படைப்பணி புரிந்த தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். தந்தையின் படைப்பணிக்கும், சில குடும்பங்களில் தாயின் படைப்பணிக்கும், எழுத்துச் சான்று தேடும் ஆர்வம் இத்தலைமுறையினரிடம் காணப்படுகின்றது. வீட்டில் எஞ்சியிருப்பது ஒரு நிழற்படமாகவோ வாழைமர நோட்டுகள் சிலவாகவோ இருக்கலாம். காப்பகத்தில் இருப்பது ஒரு வரிப் பதிவாகவோ வெற்றிடமாகவோ இருக்கலாம். இவ்விரண்டிற்கும் இடையில் நின்று பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வர வேண்டியுள்ளது.

இம்முயற்சியில் இருவகைப் பிழையான போக்குகள் தோன்றுகின்றன. ஆவணத்தில் பெயர் இல்லையெனில் பெற்றோர் கூறியதையே ஐயுறுவது ஒன்று. ஆவணமே தேவையில்லை, குடும்ப நினைவே போதும் என்று துணிவது மற்றொன்று. இவ்விரு போக்குகளும் ஆவணத்தை ஒரு பனுவலாக வாசிக்கத் தவறுவதன் விளைவுகளே எனலாம். போர்ப்பணிப் பதிவு என்பது ஒருவர் ஒரு நோக்கத்திற்காக, ஒரு மொழியில், ஒரு காலத்தில் எழுதிய எழுத்து. எனவே அது திறனாய்வுக்கு உரியது. தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஏட்டுச்சுவடிகளை அணுகிய முறையே இப்பதிவுகளை அணுகுதற்கும் ஏற்ற முறை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பினாங்கையும், குறிப்பாகக் கெலுகோரையும், களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ்டவுனில் குண்டுகள் விழுந்தன. அதே மாதம் 19ஆம் நாள் ஜப்பானியப் படை நகருள் நுழைந்தது. பின்னர் இத்தீவு நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாக விளங்கியது. இந்திய சுதந்திரச் சங்கத்தின் மலாயாத் தலைவர்களுள் ஒருவரான என். இராகவன் பினாங்கு வழக்கறிஞர் ஆவார். கெலுகோரில் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள மிண்டன் வளாகம் முன்னர்ப் பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்தது. 1969இல் தோன்றிய பல்கலைக்கழகம் 1971இல் இவ்வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. மிண்டன் என்னும் பெயர் 1759இல் ஜெர்மானிய நிலத்தில் நடந்த ஒரு போரை நினைவூட்டுவது. இரண்டரை நூற்றாண்டிற்கு முன் தொலைவில் நடந்த போரின் பெயர் கெலுகோரில் இன்றும் நாள்தோறும் வழங்குகின்றது. இவ்வட்டாரத்திலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு முன் படைக்குச் சென்ற தமிழரின் பெயர்களைத் தேட வேண்டியுள்ளது. எப்பெயர் நிலைபெறும் என்பதை முடிவு செய்வது வீரம் அன்று, பெயரை எழுதும் அதிகாரம் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நடுகல்லும் பதிவேடும்

போரில் ஈடுபட்டவனைப் பதிவு செய்யும் மரபு தமிழருக்குப் புதியதன்று. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பைக் காண்போர் அக்கல்வெட்டுகளில் ஓர் ஒழுங்கமைப்பை உணர்வர். மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன் என்பது, ஊர், பூசலுக்குரிய காரணம், அவன் பட்ட செய்தி என்னும் கூறுகள் அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பதிவேடும் இதே வினாக்களுக்கே விடை தருகின்றது. பொதுநலநாடுகள் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல்களில் இந்தியப் படைவீரர் பலருக்குப் பெயர், படையெண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றோடு தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் ஆகியனவும் தரப்பட்டுள்ளன.

கூறுகள் ஒத்திருப்பினும் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நடுகல் வீரனை அறிந்தவர்கள் அவன் மொழியில் எழுப்பியது. பதிவேடு சம்பளம் தந்தவர்கள் தம் மொழியில் எழுதியது. சம்பளம், விடுப்பு, தண்டனை, ஓய்வூதியம் ஆகிய கணக்குகளுக்குத் தேவையானவை மட்டுமே அதில் இடம்பெறும். ஒருவன் ஏன் படையில் சேர்ந்தான் என்பதைக் கணக்கர் கேட்பதில்லை. ஆகவே தந்தையின் மனநிலையைத் தேடிச் செல்லும் மகன் பதிவேட்டில் காலணி அளவையும் ஊசி போட்ட நாளையும் கண்டு ஏமாற்றமடைவது இயல்பு. ஆயினும் அது ஆவணத்தின் குறைபாடன்று, அதன் இலக்கணம்.

இவ்விலக்கணத்தை அறிந்தால் எங்குத் தேடுவது என்பதும் விளங்கும். பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகள் பற்றிய கோப்புகள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. சாதாரணப் படைவீரர்களின் பதிவுகள் பெரும்பாலும் அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்திற்குச் சென்றன. மதராஸ் படைப்பிரிவுக்கு நீலகிரியிலுள்ள வெலிங்டனும், மதராஸ் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரும் தலைமையிடங்கள். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் பல இலட்சக்கணக்கான பணிக் கோப்புகளைக் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்கு மாற்றத் தொடங்கியது; அவை பிரிட்டிஷ் படைகளைச் சார்ந்தவை. எனவே ‘பிரிட்டிஷ்காரனின் படையில் இருந்தார்’ என்று குடும்பத்தில் வழங்கும் ஒரே தொடர் மூன்று நாடுகளின் வெவ்வேறு அலமாரிகளைக் குறிக்கக்கூடும். எந்தப் படை என்ற வினாவிற்கு விடை காணாமல் பெயரை மட்டும் கொண்டு தேடுவது, எந்த நூலின் ஏடு என்று அறியாமல் பாட்டைத் தேடுவது போன்றதாகும்.

பிடிபட்டோருக்கே கோப்பு

இந்திய தேசிய இராணுவத்தைப் பொறுத்தவரை நிலைமை மேலும் சிக்கலானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மோகன்சிங் தலைமையில் உருவான முதற்படை அவ்வாண்டு டிசம்பரில் கலைக்கப்பட்டது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் குடிமக்கள் பெருமளவில் சேர்ந்தனர். அவர்களுள் தமிழர் மிகுதி. ஆக, ஒரே படையில் இருவகையினர் இருந்தனர்: முன்னர்ப் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிப் போர்க்கைதிகளானோர் ஒருவகை, படைப்பயிற்சியே பெற்றிராத குடிமக்கள் மற்றொரு வகை.

போர் முடிந்தபின் முதல் வகையினரைப் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தனர். 1945 நவம்பர் 5இல் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதான விசாரணை தொடங்கியது. 1946 ஜனவரியில் அவர்தம் ஆயுள் தண்டனை நீக்கப்பட்டபோதும் பதவி பறிப்பும் சம்பளப் பாக்கி இழப்பும் உறுதி செய்யப்பட்டன. இவ்வாறு முதல் வகையினர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தபோது ஒரு பதிவையும், சிறைப்பட்டபோது ஒரு பதிவையும், விசாரிக்கப்பட்டபோது ஒரு பதிவையும் பெற்றனர். தோட்டத்திலிருந்து சென்ற தமிழர் இவற்றுள் ஒன்றையும் பெறவில்லை. அவர் பிரிட்டிஷ் படையை விட்டு விலகியவர் அல்லர். எனவே அவர்மீது வழக்கும் இல்லை. பெரும்பாலோர் அமைதியாக வீடு திரும்பினர். அவர் பணியாற்றிய அரசோ அதன் அலுவலகங்களோடு மறைந்துபோயிற்று.

பினாங்கோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். பினாங்கில் இயங்கிய சுவராஜ் பயிற்சி நிலையத்தில் இளைஞர்கள் உளவுப்பணிக்குப் பயிற்றப்பட்டனர். 1942 செப்டம்பரில் இங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்ட வக்கம் அப்துல் காதரும் உடன்சென்றோரும் மலபார்க் கரையிலுள்ள தானூரில் இறங்கிப் பிடிபட்டனர். பகை முகவர் அவசரச் சட்டத்தின் கீழ் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10இல் காதரும் வேறு மூவரும் சென்னையில் தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்டதால் அவரைப் பற்றிய குற்றப்பத்திரிகையும் வாக்குமூலமும் தீர்ப்பும் உருவாயின. பிடிபடாமல் பணியாற்றித் திரும்பியவருக்கு அத்தகைய தாள் எதுவும் உருவாகவில்லை. கோப்பின் கனம் பணியின் கனத்தைக் காட்டுவதில்லை. ஒருவர் எதிரியின் பார்வையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையே காட்டுகின்றது. இதனை உணராது ‘அவருக்கு ஆவணம் உண்டு, நம் தந்தைக்கு இல்லை’ என்று ஒப்பிடுவது முறையாகாது.

விசாரணைக் கோப்புகளை வாசிப்பதிலும் எச்சரிக்கை தேவை. தண்டனையை எதிர்நோக்கி நின்றவர் ‘வற்புறுத்தலால் சேர்ந்தேன்’ என்று கூறியிருப்பார். அவரே பின்னர்த் தியாகி ஓய்வூதியம் கோரியபோது ‘நாட்டுப்பற்றால் சேர்ந்தேன்’ என்று எழுதியிருப்பார். இந்திய அரசு 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் இந்திய தேசிய இராணுவத்தினரையும் உள்ளடக்கியது. சிறைப் பதிவு கிடைக்காத நிலையில் உடன்சிறைப்பட்டோரின் சான்றிதழும் ஏற்கப்பட்டது. இருவேறு கூற்றுகளுள் ஒன்றைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் யாரை நோக்கிக் கூறப்பட்டது என்று வினவுவதே திறனாய்வாளர் பணி. கூற்று, கூறுவோன், கேட்போன் ஆகியவற்றை இணைத்துக் காண்பது அகப்பாடல் பயிற்றும் தமிழாசிரியருக்கு நன்கு பழகிய முறையே ஆகும்.

பெயரும் பாடவேறுபாடும்

தேடுவோர் முதலில் தடுக்கி விழும் இடம் பெயரே. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் நிலையான வடிவம் பெறுவதில்லை. இராமசாமி என்னும் ஒரே பெயர் மலேசியப் பதிவுகளில் நான்கைந்து வடிவங்களில் காணப்படும். ழகரம் ஓரிடத்தில் லகரமாகவும் வேறோரிடத்தில் யகரமாகவும் கேட்டு எழுதப்படும். தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னும் நிற்கலாம். இன்னாரின் மகன் என்று பின்னும் நிற்கலாம். பஞ்சாபி அல்லது மராத்தி எழுத்தரின் கையில் அதுவே குடும்பப் பெயராகவும் மாறலாம்.

ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட பட்டியல்களில் இம்மாற்றம் மேலும் ஆழமானது. அயற்பெயர்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்துமுறையில் லகர, ரகர வேறுபாடு இல்லை. வகரம் பெரும்பாலும் பகரத்தின் ஒலிப்புடைய வடிவமாக எழுதப்படும். இதன்படி ‘வேலன்’ என்னும் பெயரை அவ்வெழுத்தில் எழுதித் திரும்பத் தமிழில் படித்தால் ‘பேரன்’ என்று அமையும். ஜப்பானின் ஆசிய வரலாற்று ஆவண மையம் 2001 முதல் மின்வடிவில் ஆவணங்களை வழங்கி வருகின்றது. அங்குத் தேடுவோர் இத்திரிபு விதிகளை அறிந்திருப்பது இன்றியமையாதது.

ஊர்ப்பெயரும் இதற்கு விலக்கன்று. ஆசாம் கெலுகோர் என்னும் புளிப்புக்காய் மரத்தின் பெயரால் அமைந்த ஊர், பிரிட்டிஷார் கால ஆவணங்களில் ‘குளுகோர்’ என ஒலிக்கும் எழுத்துக்கூட்டலில் காணப்படுகின்றது. இன்றைய மலாய் எழுத்துக்கூட்டல் ‘கெலுகோர்’. இன்றைய வடிவத்தைக் கொண்டு மட்டும் கணினியில் தேடினால் பழைய தாள்கள் அகப்படா. ஊர் இருந்தும் இல்லாதது போல் தோன்றும்.

இச்சிக்கல் தமிழ்ப் பதிப்பியலுக்கு அறிமுகமானதே. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எழுதுவோர் பிழையாலும் ஓலைச் சிதைவாலும் மாறுபட்ட ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தனர். சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். அவர் பின்பற்றிய நெறிகள் மூன்றினை இங்குப் பொருத்திக் காணலாம். முதலாவது, கிடைக்கும் ஏடுகள் அனைத்தையும் திரட்டிய பின்னரே முடிவுக்கு வருதல். இரண்டாவது, தாம் கொண்ட பாடத்தோடு கொள்ளாத பாடத்தையும் வாசகருக்குக் காட்டுதல். மூன்றாவது, கிடைக்காத பகுதியைத் தாமே பாடி நிரப்பாமை. குடும்ப வரலாறு எழுதுவோர் இம்மூன்றாம் நெறியிலேயே பெரிதும் தவறுகின்றனர். 1943க்கும் 1945க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை இம்பால் போர்முனையால் நிரப்பிவிடும் ஆவல் எளிதில் எழுவது. படையில் இருந்தோர் அனைவரும் போர்முனைக்குச் சென்றவர் அல்லர். மலாயாவிலேயே பயிற்சியிலும் காவலிலும் அலுவலகத்திலும் இருந்தோர் பலர். சமைத்தவரும் எழுத்தரும் மருத்துவப் பணியாளரும் பணியாற்றியவர்களே. அவர்களைப் போர்முனைக்கு அனுப்பிவைப்பது அவர்கள் உண்மையில் செய்த பணியை இழிவுபடுத்துவதாகும்.

நாட்குறிப்பும் வாழ்க்கை வரலாறும்

ஆவணத்தின் இடத்தை நிரப்ப வந்த எழுத்துகளையும் மதிப்பிட வேண்டும். 1945இல் பம்பாயில் ‘ஜெய்ஹிந்த்’ என்னும் தலைப்பில் ஆங்கில நூலொன்று வெளிவந்தது. ஜான்சிராணிப் படையில் பணியாற்றிய பெண்ணொருத்தியின் நாட்குறிப்பாக அது தன்னை அறிமுகப்படுத்திக் கொண்டது. நூற்பட்டியல்கள் அதன் ஆசிரியராகக் குறிப்பிடுவது குஜராத்திப் பத்திரிகையாளர் அமிர்தலால் சேட் என்பாரை. செங்கோட்டை விசாரணை நாட்டையே கொந்தளிக்கச் செய்த வேளையில் அந்நூல் ஓர் அரசியல் தேவையை நிறைவு செய்தது. அப்பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாட்குறிப்பு என்னும் இலக்கிய வடிவம் தன்னளவில் சான்றாகாது என்பதற்கு அது தக்க எடுத்துக்காட்டு. தாயின் படைப்பணியை அறிய விரும்பும் மகள் அந்நூலின் நிகழ்ச்சிகளைத் தாயின் நிகழ்ச்சிகளாகக் கொண்டுவிடும் இடர்ப்பாடு உண்டு.

1943 அக்டோபர் 22இல் டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கிய அப்படையில் மலாயாப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். பின்னாளில் மலேசியப் பொதுவாழ்வில் புகழ்பெற்ற ஜானகி ஆதி நாகப்பன், இராசம்மா பூபாலன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். இராசம்மா பூபாலனின் வாழ்க்கை வரலாற்றை அருணா கோபிநாத் எழுத, மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமே 2007இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆவணங்களைக் காக்கும் நிறுவனம் ஒரு வாழ்வின் நினைவுகளை நூலாக்கித் தந்தது பாராட்டுதற்குரியது. வாய்மொழி காலத்தோடு பதிவானால் அதுவும் ஆவணமாகும் என்பதை அம்முயற்சி உணர்த்துகின்றது.

இதற்கு மறுபுறமாக வேரா ஹில்டபிராண்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு அமைந்துள்ளது. அவர் எஞ்சியிருந்த முன்னாள் வீராங்கனைகளை நேர்கண்டு, ஆவணங்களோடு ஒப்பிட்டு, படையின் எண்ணிக்கை பற்றியும் நேரடிப் போரில் ஈடுபட்டமை பற்றியும் வழங்கிவந்த கூற்றுகளை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். இத்தகைய ஆய்வைக் கண்டு மனம் வருந்துவோர் உளர். வருந்தத் தேவையில்லை என்பதே நம் கருத்து. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் வீட்டைத் துறந்து, சீருடை அணிந்து, பர்மா வரை சென்றனர் என்பது ஒரு குண்டும் சுடாவிடினும் குறைவற்ற செய்தி. மிகைப்படுத்திய கூற்றொன்று உடையும்போது உண்மையும் சேர்ந்து ஐயத்திற்குள்ளாகின்றது. பெற்றோரின் மதிப்பைக் காக்க விரும்புவோர் மிகையை முதலில் நீக்குவதே நன்று.

‘தொண்டர்’ என்னும் சொல்லும் புதினங்களும்

பணிப் பதிவுகளில் மிகுந்த கவனத்தோடு வாசிக்க வேண்டிய சொல் ‘தொண்டர்’ என்பதாகும். போருக்கு முன் பினாங்கு, புரோவின்ஸ் வெல்லெஸ்லி வட்டாரத்தில் இயங்கிய தொண்டர் படை, நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் படையில் மூன்றாவது அணியாக அமைந்திருந்தது. அது பிரிட்டிஷ் முடியின் படை. அம்முடியை எதிர்த்த இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த குடிமக்களும் தொண்டர் என்றே வழங்கப்பட்டனர். ஆகவே தந்தை ‘தொண்டராக இருந்தார்’ என்னும் குடும்பச் செய்தி ஒன்றுக்கொன்று பகையான இரு படைகளுள் எதனையும் குறிக்கலாம்.

அச்சொல் வேறொன்றையும் மறைக்கின்றது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிவுற்ற, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அப்பாதைப் பணியில் 80,000 முதல் 1,00,000 வரையிலான குடிமக்கள் மாண்டனர் எனப் போர்க்கல்லறை ஆணையம் மதிப்பிடுகின்றது. சயாமுக்குக் கொண்டு போகப்படுவதிலிருந்து தப்பும் வழியாகவும் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர் என்பதை வரலாற்றாய்வாளர்கள் சுட்டியுள்ளனர். அத்தகையவரின் பெயருக்கு நேரே ‘தொண்டர்’ என்று எழுதப்பட்டால் அச்சொல்லுள் பற்றும் அச்சமும் பசியும் ஒருங்கே அடங்கியிருக்கும். உயிர் பிழைக்கச் சேர்ந்தவர் பின்னர் மனம் ஒன்றி உழைத்திருக்கவும் கூடும். தந்தை இவற்றுள் எதனால் சேர்ந்தார் என்பதைப் பதிவேடு சொல்லாது. அதனைப் பிள்ளைகள் ஏற்கத் தயங்குவதும் இயல்பே. ஆனால் இத்தயக்கத்தைக் கடவாத தேடல் தந்தையைத் தேடுவதாகாது. தமக்கு வேண்டிய ஒரு சிலையைத் தேடுவதாகவே முடியும்.

இங்குத்தான் புதினம் துணைபுரிகின்றது. மேடானில் வாழ்ந்து திரும்பிய ப. சிங்காரம் எழுதி 1972இல் நூலாக வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ இக்காலத்தைப் பற்றிய தமிழ்ப் படைப்புகளுள் தலைசிறந்தது எனலாம். அதன் நாயகன் பாண்டியனுக்கு இந்திய தேசிய இராணுவப் பணி வாழ்வின் முடிந்த முடிபன்று. அலைவின் ஒரு கட்டம். பழந்தமிழ் வீரப் பெருமிதத்தையே எள்ளி நகையாடும் அப்புதினம் தன் நாயகனுக்கு வீரச் சான்றிதழ் வழங்க மறுக்கின்றது. ஓர் இளைஞன் கொள்கை, துணிவு, தனிமை, வேடிக்கை ஆகிய அனைத்தாலும் உந்தப்பட்டே படைக்குச் செல்வான் என்பதைப் பதிவேடு கூறாத அளவிற்கு அது கூறுகின்றது.

மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, ‘இமையத் தியாகம்’ ஆகிய புதினங்கள் தோட்டத் தமிழரின் பட்டறிவை மையமாகக் கொண்டவை. முன்னிரண்டும் இரயில் பாதையையும், மூன்றாவது இந்திய தேசிய இராணுவத்தையும் பொருளாகக் கொண்டன. பெயர்ப்பட்டியல் இல்லாத ஒரு கூட்டத்தாருக்கு எழுத்துலகில் இடம் பெற்றுத் தந்தமை இப்புதினங்களின் பெரும்பணி. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் 5,084 பொதுநலநாட்டுப் படையினருக்கும் 1,896 டச்சுக்காரருக்கும் பெயரளவிலேனும் இடமுண்டு. தோட்டத்திலிருந்து சென்ற தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை. எனினும் இப்புதினங்களைத் தனியொரு தந்தையின் பணிக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. புதினம் ‘இவ்வாறு நிகழ்ந்திருக்கக் கூடும்’ என்பதைக் காட்டும்; ‘இவருக்கு நிகழ்ந்தது’ என்பதைக் காட்டாது. இவ்வெல்லையை மதிக்கும்போதுதான் புதினத்தின் வலிமையும் விளங்கும்.

கற்பித்தலில் இதன் பயன்

தமிழாசிரியர்கள் இத்தேடலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாக அமைக்கலாம். மாணவர் தம் பாட்டனார் அல்லது கொள்ளுப்பாட்டியார் குறித்துக் கிடைக்கும் எல்லாச் செய்திகளையும் முதலில் பட்டியலிடுக. ஒவ்வொன்றுக்கும் நேரே அது எப்போது, யாரால், எதற்காகக் கூறப்பட்டது அல்லது எழுதப்பட்டது என்று குறிக்குக. நிகழ்ச்சிக்கு அண்மையில் எழுதப்பட்டதையும் அரை நூற்றாண்டு கழித்துக் கூறப்பட்டதையும் வேறுபடுத்துக. பெயரின் மாற்று வடிவங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திய பின்னரே காப்பகப் பட்டியலைத் தேடுக. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் திரட்டிய ஒலிப்பதிவுகளில் உடன்பணியாற்றியோரின் குரல் இருக்கலாம், அதனையும் கேட்குக. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் 2016 ஜனவரி முதல் வெளியிட்ட நேதாஜி கோப்புகளையும் காண்க. ஆயினும் அவை தலைவரைப் பற்றியவை, தனிப் படைவீரரைப் பற்றியவை அல்ல என்பதை நினைவிற்கொள்க. தலைவர்க்குரிய கோப்புகள் திறந்ததனால் தொண்டர்க்குரிய கோப்புகள் தோன்றிவிடுவதில்லை.

இவ்வாறு திரட்டியவை முரண்படுமாயின் முரண்பாட்டை அழிக்காமல் அருகருகே எழுதும் துணிவை மாணவருக்கு ஊட்டுதல் வேண்டும். ‘தந்தை கூறியது’, ‘கோப்பு கூறுவது’, ‘நாம் ஊகிப்பது’ என்னும் மூன்றும் தனித்தனியே நிற்கட்டும். இப்பயிற்சி பெற்ற மாணவர் உரையாசிரியரின் கருத்தையும் மூலத்தையும் வேறுபடுத்திக் காணும் திறனும் பெறுவர்.

முடிவுரை

போர்க்காலப் பணிப் பதிவு பணியாளருக்காக எழுதப்பட்டதன்று; அவரைக் கணக்கிட்டோர், தண்டித்தோர், ஓய்வூதியம் வழங்கியோர் தம் தேவைக்காக எழுதிக்கொண்டது. எனவே அதில் இடம்பெறாமை பெற்றோரின் குறையன்று. இடம்பெற்றமை அவர்தம் முழுமையும் அன்று. மிகையை நீக்கி, திரிபுகளை ஒப்புநோக்கி, சொல்லின் பின்னுள்ள நோக்கத்தை வினவி வாசித்தால் ஒரு வரிப் பதிவும் பேசும்.

அதன் பின்னரும் வெற்றிடம் எஞ்சுமாயின் என் செய்வது? போரைப் பாடும் நம் தொல்நூலாகிய புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர் வேறு பாடல்களை அங்கு இட்டு நிரப்பவில்லை. பின்வரும் பாடல்களின் எண்களை முன்னே நகர்த்தி இழப்பை மறைக்கவும் இல்லை. அவ்வெண்கள் இன்றும் தம் இடத்திலேயே நிற்கின்றன. ஒரு நாள் ஓர் ஏடு கிடைப்பின் அதற்குரிய இடம் ஆயத்தமாக உள்ளது. கெலுகோரிலும் பிற ஊர்களிலும் தம் பெற்றோரின் போர்க்கால வரலாற்றை எழுத முனைவோருக்கு இதனினும் சிறந்த முன்மாதிரியை நாம் காணவில்லை. ஆண்டைக் குறித்து, ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று எழுதி, அடுத்த பத்திக்குச் செல்லும் நூலே நம்பத்தகுந்த நூலாகும்.